பேச்சுத் துணைக்கு ஒரு கிளி வளர்க்கலாமா?

"ஒரு கிளி வாங்கி வளருங்களேன், பொழுது போயிடும்!"

வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும், பிள்ளைகளை வெளியூர்ப் படிப்புக்கு அனுப்பிவிட்டு வெறிச்சென்று கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் அக்கம்பக்கத்தார் சுலபமாகச் சொல்லிவிடும் யோசனை இது. சொல்வது சுலபம்தான். ஆனால் கிளி வளர்ப்பது என்பது வீட்டில் ஓர் ஆள் கூடுகிற மாதிரி. அதற்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், நேரத்துக்குத் தூக்கம் வேண்டும், உடம்புக்கு வந்தால் டாக்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கும் பேச்சுத் துணை வேண்டும்! எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷமாக ஒரு கிளி இருக்கிறது. அதை வளர்த்ததில் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தையின் ஆசை

எங்களுக்கு மதுரை. மாமனார் காலமான பிறகு என் மாமியார் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வயது 76. "சாப்பிடுறீங்களா அத்தே?" என்றால் ஒரு தலையாட்டல். "காபி போடவா?" என்றால் அதற்கும் ஒரு தலையாட்டல். டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, மனசுதான் ஒடுங்கிப்போயிருக்கிறது என்றார். என் கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நாள் முழுக்க நானும் அத்தையும்தான். நானே பேசி, நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படி இருந்தவர் ஒருநாள் தானாக வாயைத் திறந்து, "ஏம்மா, எனக்கு ஒரு கிளி வாங்கித் தாயேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அத்தை பிறந்து வளர்ந்தது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் கூண்டுகளில் கிளிகளை வைத்து, "மீனாட்சி" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். இன்று மண்டபம்தான் இருக்கிறது, கிளிகள் இல்லை. அந்த நினைப்பில்தான் அத்தை கேட்டார். அவர் மனசில் இருந்தது, கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட நம் ஊர்ப் பச்சைக்கிளி.

பச்சைக்கிளி கூடாது

தெரிந்த ஒருவர் மூலம் பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விலைக்கு வந்தது. வாங்குமுன் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் சொன்னதைக் கேட்டு, அந்தக் குஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் கூண்டில் அடைத்து வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. 2022-ல் அதைத் திருத்தியபோதும் பச்சைக்கிளி பாதுகாக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. "எங்க பாட்டி வீட்டில் இருந்ததே!" என்பீர்கள். பாட்டி காலம் வேறு.

சட்டத்தை விடுங்கள். விற்பனைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து களவாடப்பட்டவை. கண் திறந்தும் திறக்காத குஞ்சுகளைப் பையில் அடைத்துக் கொண்டுபோகும்போது வழியிலேயே செத்துப்போகிறவை நிறைய என்றார் டாக்டர்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "மீனாட்சி கையில இருக்கிற கிளிக்குக் கூண்டா இருக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்குத் தினமும் இலையில கிளி செஞ்சு வைக்கிறாங்க. நமக்கு மட்டும் உசிரோட பிடிச்சு வைக்கணுமாக்கும். வேண்டாம்மா" என்றார். அத்தனை மாசத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்!

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

டாக்டர் வேறு வழி சொன்னார். காக்கடீல் என்று ஒரு கிளி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கொண்டைக் கிளிக் குடும்பத்திலேயே சின்னது. எடை 80 முதல் 100 கிராம் சொச்சம்தான். பல தலைமுறைகளாக மனிதர்கள் வீட்டிலேயே பொரித்து வளர்த்து வருவதால் காட்டிலிருந்து பிடிக்கிற பாவம் இதில் இல்லை. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் சின்னக் கிளிகளும் அப்படித்தான். இந்த இரண்டையும் வளர்க்க அனுமதி தேவையில்லை. பஞ்சவர்ணக்கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பெரிய வெளிநாட்டுக் கிளிகள் வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்தாக வேண்டும்.

ஒரு விஷயம். காக்கடீல் பச்சைக்கிளி மாதிரி கணீரென்று பேசாது. ஆண் கிளி அழகாகச் சீழ்க்கை அடிக்கும், பழக்கினால் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லலாம். பெண் கிளி பெரும்பாலும் அமைதி. பேச வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குவதானால் ஏமாற்றம்தான்.

வாங்கும்போது, தானாகக் கொறித்துச் சாப்பிடப் பழகிய குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். ஏறக்குறைய பத்து வாரமாவது ஆகியிருக்க வேண்டும். "சின்னக் குஞ்சாக வாங்கி நீங்களே ஊட்டினால்தான் ஒட்டும்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊட்டும் கஞ்சி சூடு அதிகமானால் குஞ்சின் இரைப்பை வெந்துவிடும்; ஆறிப்போனால் செரிக்காது. அது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. கண் பளிச்சென்று, மூக்குத் துவாரம் காய்ந்து, பின்பக்கம் இறகு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குகிற முதல்நாள் அத்தை ஒரு கேள்வி கேட்டார். "இது 15, 20 வருஷம் இருக்குமாமே? எனக்கு 76. எனக்கப்புறம் இதை யாரு பாக்குறது?" போனில் இருந்த என் மகள், "நான் பாத்துக்கறேன் அப்பத்தா" என்றாள். ஆனால் அவள் நாளைக்குக் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போவாளோ! நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். 20 வருஷம் கழித்து எனக்கு 66 வயதாகும். "கிளி உங்களுது அத்தே, பொறுப்பு என்னுது" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் சம்மதித்தார். கிளிக்குச் சொக்கன் என்று பெயரும் வைத்தார்.

கூண்டும் இடமும்

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது. கிளி பக்கவாட்டில்தானே பறக்கிறது! குறைந்தது இரண்டடி நீளம். இரண்டு சிறகையும் விரித்தால் கம்பியில் படக்கூடாது. கம்பிகளுக்கு நடுவே தலை நுழைகிற இடைவெளி ஆகாது. புதிதாகத் துத்தநாகப் பூச்சுப் போட்ட கம்பிவலையைக் கொறித்தால் கிளிக்கு விஷம். பெயின்ட் உரியாத நல்ல கூண்டாக வாங்குங்கள்.

கடையில் கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, கொய்யா, வேம்பு மரக் கிளைகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். ஒன்று தடியாக, ஒன்று மெல்லியதாக இருந்தால் காலுக்கு நல்லது. ஒரே மாதிரிக் குச்சியில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் புண் வரும்.

வீட்டார் புழங்குகிற கூடத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, நம் கண் உயரத்தில் வையுங்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளிக்குப் பயம். நேர் வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் அலகைத் திறந்துகொண்டு, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்கு மாற்றி, மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளியுங்கள். சொக்கனுக்கு அந்தக் குளியல் என்றால் கொண்டாட்டம்!

அடியில் பழைய செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். எச்சத்தைக் கவனிப்பதும் ஒரு வைத்தியம். பச்சை அல்லது பழுப்பில் ஒரு பகுதி, வெள்ளையாக ஒரு பகுதி, கொஞ்சம் நீர், இதுதான் சரியான எச்சம். நிறமோ பதமோ மாறி ஒருநாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

சாப்பாடு

வெறும் தானியத்தை மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பது நம் ஊரில் வழக்கம். அப்படி வளரும் கிளிக்கு ஏ வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துபோகும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். அதைத் தினம் போட்டால் ஈரல் கெடும். எங்கள் வீட்டில் அதை 'பட்சணம்' மாதிரி நாலைந்து விதைதான் கொடுப்போம்.

காலையில் கீரை, காய்: முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை, துருவிய காரட், முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த மக்காச்சோளம், ஒரு துண்டு கொய்யா. நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். அப்புறம் தினை, சாமை, கம்பு கலந்த தானியம். கிளிக்கென்று தயாரித்து விற்கும் உருண்டைத் தீனி கிடைத்தால் அதையும் பழக்கலாம். தண்ணீர் தினம் இரண்டு வேளை மாற்றுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. ஒரு துண்டைக் கம்பியில் கட்டிவிட்டால் கிளியே தேவையானபோது சுரண்டிக்கொள்ளும்.

கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பு, எண்ணெய்ப் பலகாரம். "ஆசையாப் பாக்குதே" என்று முறுக்கை ஒடித்துக் கொடுக்கும் உறவினர்களிடம் முகம் சுளிக்காமல், ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

புகை ஆகாது

இது எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடச் சுறுசுறுப்பானது. காற்றில் கலந்த விஷம் நமக்குத் தெரியும் முன்பே அதைத் தாக்கிவிடும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயு இருக்கிறதா என்று அறிய 1986 வரை கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு கிளியைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது! சமையலறையில் கூண்டு கூடவே கூடாது. நான் நான்ஸ்டிக் பாத்திரங்களை எடுத்துக் கட்டிவைத்துவிட்டுப் பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கே வந்துவிட்டேன். கொசுவத்திச் சுருள், ஊதுவத்தி, கற்பூரம், வாசனை ஸ்பிரே, சிகரெட் எல்லாமே ஆகாதவை.

சாம்பிராணிக்கு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் அத்தைக்கு இருக்க முடியாது. ஐம்பது வருஷப் பழக்கம். நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அவரே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், துளசி மாடத்தில் காட்டிவிட்டு, புகை அடங்கியபின் உள்ளே வந்தார். "சாமி எங்க இருந்தாலும் மோந்துக்கும். இது நெஞ்சுல தாங்காது" என்றார்.

பழக்குவது எப்படி?

வந்த முதல் மூன்று நான்கு நாள் தொந்தரவு செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வது, பூத் தொடுப்பது என்று உங்கள் வேலையைச் செய்துகொண்டு மெதுவாகப் பேசுங்கள். பிறகு கம்பி வழியாகத் தினைக்கதிர் நீட்டலாம். வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தபின் கதவைத் திறந்து, உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கலாம். கடைசியில் விரலைக் காலுக்கு மேலே, அடிவயிற்றோரம் மெல்ல வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும். சொக்கனுக்கு மூன்று வாரம் ஆனது. அதட்டுவது, பிடித்து இழுப்பது உதவாது. தலையையும் கன்னத்தையும் தடவலாம். முதுகைத் தடவக்கூடாது, அது இனச்சேர்க்கை எண்ணத்தைத் தூண்டும். பெண் கிளியானால் ஜோடி இல்லாமலே முட்டையிட்டு இளைத்துப்போகும். முட்டை வெளிவராமல் திணறினால் உயிருக்கே ஆபத்து, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

தினம் ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள். அதற்குமுன் மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்தி, தண்ணீர் வாளிகளை மூடி, நிலைக்கண்ணாடிக்குத் துணி போட்டுவிடுங்கள்.

கிளி கூட்டமாக வாழ்கிற ஜீவன். நாம் கண்ணுக்கு மறைந்ததும் 'எங்கே போனாய்?' என்று கத்தும். அது அடம் அல்ல. இருக்கிற இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுத்தால் அடங்கிவிடும். அத்தை கொல்லைப்பக்கம் போனால் சொக்கன் கூவுவான். "இந்தா இருக்கேன்டா!" என்று அத்தை பதில் கொடுப்பார். ஒரு நாளைக்கு இது நாற்பது தடவை நடக்கும். தலையாட்டிப் பதில் சொன்னால் கிளிக்குப் புரியாதே!

ராத்திரியும் வெடிச் சத்தமும்

கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். டிவி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது. மாலை மங்கியதும் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் பருத்தித் துணி போட்டு, சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். காக்கடீல் இருட்டில் சுலபமாக மிரளும். மிரண்டால் கூண்டுக்குள் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு உள்ளறையில் வைத்து, ஜன்னலைச் சாத்திக் கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. இருட்டில் படபடவென்று சத்தம். நான் கண் விழிக்குமுன், "ஏம்மா, எந்திரி! விளக்கை எடுத்தா! பிள்ளை பயந்துருச்சு!" என்று வீடு அதிர ஒரு குரல். மாமனார் போனபிறகு அத்தை அப்படிக் குரலெடுத்து நான் கேட்டதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் புதிதாக முளைத்த சிறகு ஒன்று முறிந்து ரத்தம். கிளி உடம்பில் மொத்த ரத்தமே இரண்டு டீஸ்பூன் அளவுதான். அத்தை துண்டால் மெதுவாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நெஞ்சை அமுக்கக்கூடாது, அமுக்கினால் மூச்சு நின்றுவிடும். நான் கார்ன் ஃப்ளாரைச் சிறகில் வைத்துச் சில நிமிஷம் அழுத்தினேன். ரத்தம் நின்றது. விடியும்வரை அத்தை சொக்கனிடம் பேசிக்கொண்டே இருந்தார். காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் காட்டினோம்.

உடம்பைக் கவனியுங்கள்

நோயைக் காட்டிக்கொள்வது கிளியின் குணமில்லை. காட்டில் துவண்டு தெரிகிற பறவையைத்தான் பருந்து குறிவைக்கும். ஆகவே நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, சாப்பிடாவிட்டாலோ கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் உங்கள் ஊரில் யார் என்று வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள்.

சின்னக் குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கிளியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊட்டக்கூடாது. கிளியின் எச்சத் தூசியிலிருந்து 'கிளிக் காய்ச்சல்' என்ற தொற்று மனிதருக்கு வரலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். இதன் இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்குக் காக்கடீல் ஏற்றதல்ல.

வாங்குமுன் யோசியுங்கள்

சொக்கன் இதுவரை "மீனாட்சி" என்று சொல்லவில்லை. எங்கள் வாசல் மணி மாதிரி அச்சாகச் சீழ்க்கை அடித்து, என்னை நாலு தடவை வாசலுக்கு ஓடவைப்பதுதான் அவன் கற்றது. அத்தை அவனிடம் தன் சின்ன வயதுச் சித்திரைத் திருவிழாக் கதையெல்லாம் சொல்கிறார். நானும் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதில் பாதிக் கதை எனக்குப் புதிது.

ஆனால் இதனால் எல்லார் வீட்டுக்கும் கிளி நல்லது என்று சொல்ல மாட்டேன். விடிகாலையில் கத்தும், கண்ட இடத்தில் எச்சமிடும், பேப்பரைக் கிழிக்கும். குடும்பத்தோடு நாலுநாள் ஊருக்குப் போக முடியாது. ஆகவே சில கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா? எல்லோரும் வேலைக்குப் போகிற வீடானால் ஒற்றைக் கிளி வாடிப்போகும். புகை, மின்விசிறி, பூனை இவற்றிலிருந்து காக்க முடியுமா? டாக்டர் செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்க முடியுமா? உங்களுக்கு முடியாமல் போனால் அடுத்துப் பார்ப்பவர் யார்?

எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றுக்காவது இல்லையென்றால், மொட்டைமாடிச் சுவரில் அகலமான மண்சட்டியில் தண்ணீரும், ஒரு பிடி கம்பும் வையுங்கள். காக்கை வரும், மைனா வரும், புறா வரும், உங்கள் தெருவில் மரம் இருந்தால் பச்சைக்கிளியும் வரும். அத்தை இப்போது அதையும் செய்கிறார்.